பிபி நூறுதான் இருக்கிறது. அப்புறம் எதற்கு மூன்று பிபி மாத்திரை?

#1 கரிசல்மண்

அப்பாவுக்கு 67 வயது. கோவில்பட்டிப் பக்கம் விவசாயம். பதினைந்து வருடமாகப் பிபி உண்டு. இரண்டு மாதத்துக்கு முன்பு, படுத்தால் மூச்சு முட்டுகிறது, எழுந்து உட்கார்ந்தால்தான் சரியாகிறது என்று சொல்ல ஆரம்பித்தார். காலில் விரலை வைத்து அழுத்தினால் குழி விழுந்தது. எக்கோவில் (இதய ஸ்கேன்) பம்பிங், அதாவது இதயத்தில் நிரம்பும் ரத்தத்தில் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியே தள்ளப்படும் பங்கு, 28 சதவீதம் என்று வந்தது. ஐந்து நாள் வைத்திருந்து நீரை எடுத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள்.

மருந்துச் சீட்டில் இருப்பது: சாக்குபிட்ரில் வால்சார்டான் சேர்ந்த மாத்திரை காலை, இரவு. கார்வெடிலால் 3.125 காலை, இரவு. ஸ்பைரோனோலாக்டோன் 25. ஃபுரோசமைடு 40 (நீர் மாத்திரை). டாபாகிளிஃப்ளோசின் 10.

மருந்துக்கடைப் பையன் முதல் மூன்றையும் காட்டி "இதெல்லாம் பிபி மாத்திரை" என்றான். வீட்டில் மெஷின் வைத்துப் பார்த்தால் 100/64. ஒரு நாள் 96. சித்தப்பா வந்து, "பிபிதான் இறங்கிவிட்டதே, இறங்கின பிபிக்கு எதற்கு மூன்று மாத்திரை?" என்று சத்தம் போட, அப்பா இரண்டு நாளாகக் கார்வெடிலாலை நிறுத்திவிட்டார். டாக்டரிடம் போனில் கேட்டேன். "அது பிபிக்கு இல்லை, ஹார்ட்டுக்கு. நிறுத்தாதீர்கள்" என்று சொல்லி வைத்துவிட்டார். அவர் சொன்னதை நம்புகிறேன். ஆனால் புரியவில்லை. பிபியைக் குறைக்கிற மாத்திரை, ஏற்கெனவே குறைந்த பிபிக்காரருக்கு எப்படி நல்லது செய்யும்? ரத்தக்குழாயில் அது என்னதான் செய்கிறது?

#2 எதிர்க்கேள்வி

உங்கள் சித்தப்பா கேட்டதில் தப்பில்லை. பதில் தெரிந்தவர்கள் "டாக்டர் சொன்னால் கேளுங்கள்" என்பதோடு நிறுத்தாமல் காரணத்தையும் எழுதுங்கள். எனக்கும் வேண்டும்.

#3 மாத்திரைப்பெட்டி

முப்பத்தெட்டு வருடம் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன். முதலில் அவசரமானது: கார்வெடிலாலைத் திடீரென்று நிறுத்தக் கூடாது தம்பி. இத்தனை நாள் கட்டிப்போட்டிருந்த அட்ரினலின் வேகம் ஒரேயடியாக அவிழ்ந்துகொள்ளும். இரண்டு நாள் விட்டுப்போனதை டாக்டரிடம் சொல்லி, எப்படித் திரும்ப ஆரம்பிப்பது என்று இன்றைக்கே கேளுங்கள்.

அடுத்தது, சீட்டில் இருப்பதை மட்டும் எழுதியிருக்கிறீர்கள். அப்பா உண்மையில் வாயில் போடுவது எல்லாமே அதில் இருக்கிறதா? பழைய டப்பா, சின்ன அட்டை, மூட்டுவலிக்கு, புராஸ்டேட்டுக்கு, தூக்கத்துக்கு? மேஜை இழுப்பறையைத் திறந்து பார்த்துவிட்டு எழுதுங்கள். என் அனுபவத்தில் பாதிச் சிக்கல் இழுப்பறையில்தான் இருக்கும்.

#4 வைகைக்கரை

பொது மருத்துவர். கொஞ்ச காலம் மாணவர்களுக்கு உடலியங்கியல் சொல்லிக்கொடுத்தவன். உங்கள் அப்பாவின் அளவுகளைப் பற்றி நான் பேசப் போவதில்லை. அது அவரைப் பார்க்கிற மருத்துவரின் வேலை. ரத்தக்குழாய்க் கேள்விக்கு மட்டும் வருகிறேன்.

கிணற்று மோட்டாரை நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் பழசாகி இழுவை குறைந்துவிட்டது. தண்ணீர் குறைவாக வருகிறது. அந்த நேரம் பார்த்து யாரோ போய் கேட் வால்வைப் பாதி மூடிவிட்டால் என்ன ஆகும்? குழாயில் அழுத்தம் கொஞ்சம் ஏறும், ஆனால் வயலுக்குப் போகிற தண்ணீர் இன்னும் குறையும், மோட்டார் சூடாகும். இதயம் பலவீனமான 'ஹார்ட் ஃபெயிலியர்' நோயாளியின் உடம்பில் நடப்பது இதுதான். வால்வை மூடுவது உடம்பேதான்.

ஏன் மூடுகிறது? இதயம் கெட்டுவிட்டது என்று உடம்புக்குத் தெரியாது. ரத்தவோட்டம் குறைந்தது மட்டும்தான் தெரியும். லட்சக்கணக்கான வருடமாக அதற்குத் தெரிந்த ஒரே காரணம் ரத்தம் கொட்டுவது, அல்லது தண்ணீர் இல்லாமல் வறண்டுபோவது. அதனால் காயம்பட்டவனுக்குச் செய்வதையே செய்கிறது. அட்ரினலின் வகையறாக்களை விடுகிறது. சிறுநீரகம் ரெனினைச் சுரக்கிறது, அதிலிருந்து ஆஞ்சியோடென்சின் 2 வருகிறது. அது சின்ன தமனிகளை இறுக்கிப் பிடிக்கிறது. கூடவே அல்டோஸ்டீரோன் வந்து உப்பையும் நீரையும் வெளியே விடாமல் தேக்குகிறது. காயம்பட்டவனை இது ஒரு மணி நேரம் காப்பாற்றும். உங்கள் அப்பாவுக்கு இது மாதக்கணக்கில் ஓடியிருக்கிறது. கால் வீக்கமும் படுத்தால் முட்டுகிற மூச்சும் அதன் விளைவுதான்.

குழாயின் ஆரத்துக்கும் தடைக்கும் உள்ள உறவு முரட்டுத்தனமானது. ஆரம் பாதியானால் தடை இரண்டு மடங்கு ஆவதில்லை, 16 மடங்கு ஆகிறது. திருப்பிப் போட்டால், ஆரம் 10 சதவீதம் விரிந்தாலே தடை மூன்றில் ஒரு பங்கு குறையும். மாத்திரைகள் விளையாடுவது இந்தச் சின்ன இடத்தில்.

இனி சித்தப்பாவின் கேள்வி. ரத்த அழுத்தம் என்பது இதயம் தள்ளும் அளவையும் குழாயின் தடையையும் பெருக்கினால் வருவது. நல்ல இதயம் உள்ளவருக்குத் தடையைக் குறைத்தால் தள்ளும் அளவு பெரிதாக மாறாது, அழுத்தம் இறங்கும். அதனால்தான் அவருக்கு அது "பிபி மாத்திரை". பலவீனமான இதயம் தடைக்கு எதிரே முக்கிக்கொண்டிருக்கிறது. தடையைக் குறைத்தால் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதலாகத் தள்ளும். ஒரு கணக்குக்காக, தடை 20 சதவீதம் குறைந்து, தள்ளும் அளவு 25 சதவீதம் கூடினால் 0.8 × 1.25 = 1. மெஷினில் எண் மாறவே மாறாது. ஆனால் சிறுநீரகத்துக்கும் மூளைக்கும் போகிற ரத்தம் கால் பங்கு கூடியிருக்கும். நடைமுறையில் கணக்கு இவ்வளவு சுத்தமாக வராது, எண் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். இருந்தாலும் அடிப்படை இதுதான்.

பதினைந்து வருடப் பிபி தானாக இறங்கியது நல்ல செய்தியும் அல்ல. அந்த அழுத்தத்தை எழுப்பும் தெம்பு இதயத்துக்குப் போய்விட்டது என்பதும் அதன் அர்த்தமாக இருக்கலாம்.

#5 எதிர்க்கேள்வி

விளக்கம் நன்றாக இருக்கிறது. ரொம்ப நன்றாக இருப்பதால்தான் சந்தேகம். வால்வைத் திறந்துவிட்டால் போதும் என்றால், குழாயை விரிக்கிற எந்த மாத்திரையும் போதும்தானே? அம்லோடிபின் சல்லிசாகக் கிடைக்கிறது. எதற்கு இந்த நீளப் பெயர் மாத்திரைகள்?

#6 வைகைக்கரை

இந்தக் கேள்வியைத்தான் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இதயநோய் உலகமே கேட்டுக்கொண்டிருந்தது.

எழுபதுகளில் நைட்ரோபுரூசைடு என்ற மருந்தை நரம்பு வழியே ஏற்றி, இதயத்துக்குள் அழுத்தம் அளக்கும் குழாயையும் வைத்துப் பார்த்தார்கள். இதயநோய் மருத்துவர்களான ஜே கோன், கனு சாட்டர்ஜி இருவரின் குழுக்களும் தனித்தனியாகச் செய்தன. மூச்சு வாங்கிக் கிடந்தவர்களுக்குக் கண்ணெதிரே ரத்தவோட்டம் கூடியது. அதுவரை "பலவீனமான இதயத்தை எப்படி உதைத்து ஓடவைப்பது" என்று யோசித்தவர்கள், "அதன் முன்னால் இருக்கும் சுமையை எப்படிக் குறைப்பது" என்று யோசிக்கத் தொடங்கினார்கள்.

பிறகு கோன் தலைமையில் அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் 642 ஆண்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. முடிவு 1986-ல் வந்தது. மூன்று பிரிவு. ஒன்றுக்கு வெற்று மாத்திரை. ஒன்றுக்குப் பிரசோசின். ஒன்றுக்கு ஹைட்ரலசினும் ஐசோசார்பைடு டைநைட்ரேட்டும் சேர்த்து. பிரசோசின் குழாயை விரித்தது, பிபியையும் நன்றாக இறக்கியது. ஆனால் உயிர் பிழைத்தவர்கள் எண்ணிக்கையில் வெற்று மாத்திரைக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. மற்ற ஜோடி பிபியை அவ்வளவு இறக்கவில்லை. இறப்பைக் குறைத்தது அதுதான்.

அடுத்த சுற்று, 1991-ல். அதே ஜோடிக்கு எதிராக எனலாப்ரில், 804 பேர். உடற்பயிற்சியில் மூச்சு தாங்குவதிலும் பம்பிங் சதவீதத்திலும் ஹைட்ரலசின் ஜோடிதான் முன்னால் நின்றது. ஆனால் இரண்டு வருடத்தில் இறந்தவர்கள் எனலாப்ரில் பக்கம் 18 சதவீதம், ஜோடிப் பக்கம் 25 சதவீதம். எவ்வளவு விரிக்கிறது என்பதை விட, எந்தக் கையை விலக்கி விரிக்கிறது என்பதுதான் முக்கியம் என்று அங்கேதான் பிடிபட்டது. குழாயைப் பலவந்தமாக விரித்தால் உடம்பு "ஐயோ, பிபி போகிறதே" என்று அட்ரினலினையும் ரெனினையும் இன்னும் கூட்டும். மூடுகிற கையையே தடுத்தால் அந்த எதிர்வினை பலிக்காது.

என் மோட்டார் உவமை இங்கே உடைகிறது, ஒத்துக்கொள்கிறேன். பி.வி.சி. குழாய்க்கு உயிர் இல்லை, ரத்தக்குழாய்க்கு உண்டு. ஆஞ்சியோடென்சினும் அல்டோஸ்டீரோனும் அதை இறுக்குவதோடு விடுவதில்லை. சுவர்த் தசையைத் தடிமனாக்கும், நாரேற்றும், உள்வரிச் செல்கள் நைட்ரிக் ஆக்சைடு உண்டாக்கும் திறனைக் கெடுக்கும். குழாய் தானாக இளக்கிக்கொள்வது அந்த நைட்ரிக் ஆக்சைடால்தான். மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிடச் சொல்வது அன்றைய பிபிக்காக இல்லை, இந்தச் சேதத்தை நிறுத்துவதற்காக.

அம்லோடிபினுக்கும் சோதனை நடந்தது. பம்பிங் 30-க்குக் கீழே இருந்தவர்களுக்குக் கொடுத்துப் பார்த்து 1996-ல் முடிவு சொன்னார்கள். மொத்தமாகப் பார்த்தால் காப்பாற்றவும் இல்லை, கெடுக்கவும் இல்லை. அதன் பங்காளிகளான டில்டியாசெம், வெராபமில் இரண்டும் இதயத் தசையையே தளர்த்தும். இந்த நோயில் அவற்றைத் தொடுவதில்லை.

#7 அரைக்கீரை

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். என் அம்மாவுக்குப் பிபிக்கு அம்லோடிபின் 10 கொடுத்தார்கள். சாயங்காலமானால் கணுக்கால் வீங்கிவிடும். "ஹார்ட்டில் கோளாறோ" என்று பயந்து எக்கோ எடுத்தோம், நார்மல். பக்கத்துத் தெருவில் நீர் மாத்திரை கொடுத்தார்கள், வீக்கம் வடியவே இல்லை. இதுவும் ரத்தக்குழாய்ச் சமாச்சாரம்தானா?

#8 மாத்திரைப்பெட்டி

அதேதான் அம்மா. அம்லோடிபின் தமனிப் பக்கத்துச் சின்னக் குழாயை விரிக்கும், சிரைப் பக்கத்தை அவ்வளவு விரிக்காது. வருகிற வாய்க்கால் அகலம், போகிற வாய்க்கால் பழைய அகலம். நடுவில் இருக்கும் நுண்குழாயில் அழுத்தம் ஏறி நீர் வெளியே கசிகிறது. உடம்பில் நீர் அதிகமானதால் வந்த வீக்கம் இல்லை என்பதால் நீர் மாத்திரைக்கு அது மசியாது. அளவைக் குறைத்தாலோ, சிரைப் பக்கத்தையும் விரிக்கிற, பெயர் 'ப்ரில்', 'சார்டான்' என்று முடிகிற வகை மாத்திரையைச் சேர்த்தாலோ பெரும்பாலும் வடியும். டாக்டரிடம் கேளுங்கள்.

ஒரு மாத்திரையால் வந்த வீக்கத்துக்கு இன்னொரு மாத்திரை, அதனால் பொட்டாசியம் குறைந்ததற்கு மூன்றாவது. கவுன்ட்டருக்குப் பின்னால் நின்று இந்தக் கதையை எத்தனை முறை பார்த்திருப்பேன்!

இதயநோயாளிக்கு இதில் இன்னொரு குழப்பம் உண்டு. கால் வீங்கினால் இதயம் மோசமானதா, மாத்திரை செய்ததா என்று தெரியாமல் போய்விடும்.

#9 கரிசல்மண்

மாத்திரைப்பெட்டி ஐயா, உங்கள் கையைக் கொடுங்கள். இழுப்பறையில் அம்லோடிபின் 5 இருந்தது. பழைய டாக்டர் எட்டு வருடம் முன்பு எழுதியது. "வேறு மாத்திரை எடுக்கிறீர்களா" என்று ஆஸ்பத்திரியில் கேட்டதற்கு இல்லை என்று சொல்லியிருக்கிறார். ஏன் என்று கேட்டால், "அது மருந்து இல்லைடா, அது எப்பவும் போடுறது" என்கிறார். கூடவே சிறுநீர் போவதற்கு டாம்சுலோசின் இரவில் ஒன்று. மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக், வாரத்தில் நாலைந்து.

கார்வெடிலால் நேற்று டாக்டரிடம் கேட்டுத் திரும்ப ஆரம்பித்தாயிற்று.

#10 பனங்கூடல்

வணக்கம். யாழ்ப்பாணம் சொந்த இடம், இப்போது இங்கிலாந்தில் இதயநோய்த் தாதியாக இருக்கிறேன். தம்பி, உந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதி நாளைக்கே வைத்தியரிடம் கொண்டு போங்கோ. இறக்கக்கூடிய பிபிக்கு ஓர் எல்லை இருக்குது. அந்த இடத்தை உயிர் காக்கிற குளிசைகளுக்கு விட்டுவைக்க வேணும். இப்போது உங்கட அப்பாவுக்கு அம்லோடிபின் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்குது. வைத்தியருக்கு அது தெரியாததால், மற்றக் குளிசைகளை எப்படிக் கூட்டுவது என்று அவர் யோசித்துக்கொண்டிருப்பார். டாம்சுலோசினும் எழும்பும்போது அழுத்தத்தை விழுத்தும். அதை அவர் முடிவு செய்யட்டும், நீங்களாக நிறுத்த வேண்டாம்.

எங்கட கிளினிக்கில் நாங்கள் எண்ணைப் பார்த்துப் பயப்படுவதில்லை, ஆளைப் பார்க்கிறோம். 95 இருந்தும் தோட்டத்தில் வேலை செய்கிறவர் இருக்கிறார். 115 இருந்தும் எழும்ப ஏலாமல் கண் இருட்டுகிறவரும் இருக்கிறார். சாக்குபிட்ரில் வால்சார்டானை எனலாப்ரிலோடு ஒப்பிட்ட பெரிய சோதனை 2014-ல் வந்தது, எட்டாயிரத்துக்கு மேல் ஆட்கள். சேர்க்கும்போது மேல் எண் 100-க்குக் குறையாமல் இருக்க வேணும் என்பதுதான் அவர்களின் நிபந்தனை. இதயநோயால் இறப்பதும் ஆஸ்பத்திரியில் சேர்வதும் சேர்த்துப் பார்த்தால் எனலாப்ரிலை விட 20 சதவீதம் குறைவு. ஆனால் தலைச்சுற்றோடு அழுத்தம் விழுந்ததும் அந்தக் குளிசையில்தான் கூட: நூற்றுக்கு 14 பேர், எனலாப்ரிலில் 9 பேர். ரெண்டையும் சொல்லத்தானே வேணும்.

இருந்தபடி ஒருக்கா, எழும்பி ஒன்று, மூன்று நிமிடத்தில் ஒவ்வொருக்கா அளந்து எழுதி வையுங்கோ. தலை சுற்றினால் நேரத்தையும் எழுதுங்கோ. எல்லாக் குளிசையையும் ஒரே வாயில் போடாமல் ஒன்றிரண்டு மணித்தியாலம் தள்ளிப் போட்டாலே சிலருக்குச் சரியாகும். வீக்கம் முழுக்க வடிந்த பிறகும் நீர் மாத்திரை பழைய அளவிலேயே ஓடினால் அதுவும் தலைச்சுற்றுக்குக் காரணம். அநேகமாக முதலில் குறைக்கிறது அதைத்தான்.

#11 இரண்டாம்_இன்னிங்ஸ்

நான் நோயாளி. ஆறு வருடமாக. பம்பிங் 25-ல் ஆரம்பித்து இப்போது 42.

முதலில் ராமிப்ரில் கொடுத்தார்கள். மூன்றாவது வாரம் இருமல். சளி இல்லை, காய்ச்சல் இல்லை, தொண்டையில் இறகு வைத்துத் தடவுகிற மாதிரி. மிளகுக் கஷாயம், சித்தரத்தை, பனங்கற்கண்டு எல்லாம் ஆயிற்று. மனைவி வேறு அறையில் படுக்க ஆரம்பித்தாள். மாத்திரைதான் காரணம் என்று தெரிய இரண்டு மாதம் ஆனது. மாற்றிய பத்து நாளில் போய்விட்டது.

நாக்குக்கு அடியில் வைக்கிற நைட்ரேட் மாத்திரையும் உண்டு எனக்கு. அது மண்டையில் சம்மட்டி. ஆனால் நெஞ்சுப் பாரம் சட்டென்று இறங்கும். யாரும் வெளிப்படையாகச் சொல்லாத ஒன்று: ஆண்மைக்கு என்று விற்கிற சில்டெனாஃபில் வகை மாத்திரையை நைட்ரேட் எடுப்பவர் தொடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் குழாய் மொத்தமும் தளர்ந்து பிபி பாதாளத்துக்குப் போகும். வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம், டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

#12 மாத்திரைப்பெட்டி

அந்த இருமலுக்குப் பின்னால் ஒரு பாம்பு இருக்கிறது.

பிரேசிலில் ஜராராகா என்று ஒரு விரியன். கடித்தால் பிபி அதலபாதாளத்துக்குப் போகும். அதன் விஷத்தில், உடம்பில் இருக்கும் பிராடிகைனின் என்ற பொருளின் வேலையைப் பல மடங்காக்கும் ஒன்று இருப்பதை செர்ஜியோ ஃபெரேரா 1965-ல் காட்டினார். பிராடிகைனின் குழாயை விரிக்கும், உள்வரியை நைட்ரிக் ஆக்சைடு விட வைக்கும். அந்த விஷத்தை அவர் லண்டனில் ஜான் வேனின் ஆய்வகத்துக்குக் கொண்டுபோனார். விஷம் தடுப்பது எந்த நொதியை என்று பார்த்தால், ஆஞ்சியோடென்சின் 2-ஐ உண்டாக்குவதும் பிராடிகைனினைச் சிதைப்பதும் ஒரே நொதி! அதைப் பிடித்துக்கொண்டு ஸ்குவிப் மருந்து நிறுவனத்தில் குஷ்மனும் ஒண்டெட்டியும் செய்ததுதான் காப்டோப்ரில். 1981-ல் அமெரிக்காவில் அனுமதி. 'ப்ரில்' என்று முடிகிற எல்லாமே அதன் வாரிசுகள்.

ஒரு கல்லில் இரண்டு மாங்காய்: இறுக்குகிற பொருள் குறையும், தளர்த்துகிற பொருள் கூடும். ஆனால் கூடுகிற பிராடிகைனின் தொண்டையிலும் வேலையைக் காட்டும், அதுதான் இருமல். மிகச் சிலருக்கு உதடும் நாக்கும் வீங்கி மூச்சே அடைக்கும்; அது அவசர நிலை. 'சார்டான்' வகை, ஆஞ்சியோடென்சின் போய் உட்காரும் இடத்தை மட்டும் அடைப்பதால் இருமல் அரிது. சாக்குபிட்ரிலும் பிராடிகைனினைச் சேர வைக்கும் என்பதால் அதோடு 'ப்ரில்' சேரவே கூடாது. ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற 36 மணி நேரம் இடைவெளி. கரிசல்மண் தம்பி, இழுப்பறையில் எனலாப்ரில், ராமிப்ரில் அட்டை ஏதாவது இருந்தால் எடுத்துவிடுங்கள்.

1987-ல் ஸ்காண்டிநேவியாவில் 253 பேரை வைத்து எனலாப்ரிலைச் சோதித்தார்கள். எல்லாருமே சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்குகிற அளவுக்கு மோசமான நிலை. ஆறு மாதத்தில் வெற்று மாத்திரைக்காரர்களில் 44 சதவீதம் இறந்தார்கள், எனலாப்ரில்காரர்களில் 26. அந்தச் செய்தி வந்தபோது நான் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. அதுவரை எங்கள் ஊரில் இந்த நோய்க்கு டிகாக்சினும் நீர் மாத்திரையும்தான்.

#13 எதிர்க்கேள்வி

சரி, 'ப்ரில்', 'சார்டான்' புரிந்தது. கார்வெடிலால்தான் இடிக்கிறது, அது பீட்டா பிளாக்கர் வகை. பீட்டா பிளாக்கர் இதயத்தின் வேகத்தையே குறைக்கும். பலவீனமான மோட்டாருக்கு மின்சாரத்தைக் குறைப்பது எந்த ஊர் நியாயம்? போதாததற்கு, பீட்டா பிளாக்கர் ரத்தக்குழாயைச் சுருக்கும், கை கால் ஜில்லிடும் என்றும் படித்தேன்.

#14 வைகைக்கரை

பல வருடம் மருத்துவர்களும் அப்படித்தான் சொன்னார்கள்; இந்த நோயில் கொடுக்கவே கூடாது என்று பாடப்புத்தகத்தில் இருந்தது. 1975-ல் ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் வாக்ஸ்டைன் என்பவர் ஏழே நோயாளிகளுக்குக் கொடுத்து, தேறுகிறார்கள் என்று எழுதினார். உலகம் நம்பப் பெரிய சோதனைகள் தேவைப்பட்டன. 1999-ல் பிசோபிரோலால், மெட்டோபிரோலால் இரண்டுக்கும் முடிவு வந்தது: இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைவு. 2001-ல் மிக மோசமான நிலையில் இருந்தவர்களிடம் கார்வெடிலாலும் அதையே காட்டியது.

குழாயைச் சுருக்கும் என்பது பாதி உண்மை. அட்ரினலின் வந்து அழுத்தும் பொத்தான்களில், குழாயைத் தளர்த்தும் பீட்டா 2 பொத்தானையும் சேர்த்து அடைத்தால், இறுக்கும் ஆல்ஃபா பொத்தானுக்கு எதிர் இல்லாமல் போகும், கை கால் சில்லிடும். கார்வெடிலால் அந்த ஆல்ஃபாவையும் அடைத்துவிடும், அதனால் குழாய் தளரும். உணவோடு போடச் சொல்வதும் இதனால்தான். மெதுவாக உடம்பில் ஏறினால் எழுந்து நிற்கும்போது தலைசுற்றல் குறையும். ஆனால் உங்களை முந்திக்கொண்டு நானே சொல்லிவிடுகிறேன்: பிசோபிரோலால் குழாயை விரிப்பதில்லை, அப்படியும் அது உயிரைக் காக்கிறது. ஆக, இங்கே பலன் குழாயிலிருந்து வரவில்லை. நாள் முழுக்க அட்ரினலின் சாட்டையடி வாங்குகிற இதயத் தசைக்கு ஓய்வு கிடைப்பதிலிருந்து வருகிறது. சாட்டையை இன்னும் வேகமாக வீசிய மருந்தும் உண்டு. மில்ரினோன் மாத்திரை இதயத்தை உதைத்து ஓடவைக்கும், குழாயையும் விரிக்கும். 1991-ல் வந்த முடிவின்படி அது இறப்பை 28 சதவீதம் கூட்டியது. "விரித்தால் போதும்" என்ற கட்சிக்கு அதை விடப் பெரிய அடி இல்லை.

#15 கரிசல்மண்

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். அப்பாவுக்குத் தினமும் காலையில் ஓர் இளநீர் கொடுக்கிறோம், தெம்புக்கு. உப்பைக் குறைக்கச் சொன்னார்கள் என்று அம்மா கடையில் சோடியம் குறைந்த உப்பு வாங்கிச் சமைக்கிறார். இரண்டும் நல்லதுதானே?

#16 பனங்கூடல்

ஐயோ தம்பி, ரெண்டையும் இன்றைக்கே நிறுத்துங்கோ! அந்த உப்பில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் குளோரைடு சேர்க்கிறார்கள். இளநீரிலும் பொட்டாசியம்தான் கூட. ஸ்பைரோனோலாக்டோனும் வால்சார்டானும் பொட்டாசியத்தை வெளியே போக விடாது. மிஞ்சினால் வலியே இல்லாமல் இதயத் துடிப்பு நின்றுபோகலாம். ஸ்பைரோனோலாக்டோன் இறப்பை 30 சதவீதம் குறைக்கிறது என்று 1999-ல் வந்தது. உடனே எல்லாரும் எழுதத் தொடங்கினார்கள். கனடாவின் ஒன்டாரியோவில், 'ப்ரில்' எடுத்த வயதானவர்களில் பொட்டாசியம் ஏறி ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் 1994-ல் ஆயிரத்துக்கு 2.4, 2001-ல் 11. குளிசையில் பிழை இல்லை. இரத்தம் சோதிக்காமல் கொடுத்ததுதான் பிழை. தொடங்கி ஒரு கிழமையிலும், பிறகு ஒரு மாதத்திலும் பொட்டாசியமும், சிறுநீரகம் எப்படி வடிகட்டுது என்று காட்டும் கிரியாட்டினினும் பார்க்க வேணும்.

டைக்ளோஃபெனாக்கைப் பற்றியும் சொல்ல வேணும். சிறுநீரகத்தின் வடிகட்டிக்கு உள்ளே போக ஒரு குழாய், வெளியே வர ஒரு குழாய். வால்சார்டான் வெளிவாசலை விரிக்கும். வலிக் குளிசை உள்வாசலைச் சுருக்கும். நீர் மாத்திரை வருகிற நீரையே குறைக்கும். மூன்றும் சேர்ந்தால் வடிகட்டியில் அழுத்தமே இல்லை, சிறுநீரகம் வேலை நிறுத்தம். அதோடு வலிக் குளிசை உப்பையும் தேக்கும். திரும்ப மூச்சு முட்ட அதுவே போதும். வலிக்குப் பாராசிட்டமால் போதுமா என்று கேளுங்கோ. வாந்தி, வயிற்றோட்டம் வந்தால் அன்றைக்கே வைத்தியரைக் கூப்பிடுங்கோ.

#17 எதிர்க்கேள்வி

கிரியாட்டினின் கொஞ்சம் ஏறினால் "கிட்னியைக் கெடுக்கிறது" என்று மாத்திரையை நிறுத்துகிறார்களே, அது?

#18 வைகைக்கரை

வெளிவாசல் விரிந்து வடிகட்டியின் அழுத்தம் இறங்கினால் கிரியாட்டினின் கொஞ்சம் ஏறத்தான் செய்யும். 30 சதவீதம் வரை பொதுவாகப் பொறுத்துக்கொள்வோம். அதற்கு மேல் போனால் வேறு காரணம் தேடுவோம்.

#19 கரிசல்மண்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். தாமதத்துக்கு மன்னிக்கவும், உளுந்து அறுப்பு.

தாளை எடுத்துக்கொண்டு போனோம். டாக்டர் பார்த்துவிட்டு முதலில் அப்பாவை ஒரு முறை முறைத்தார். அம்லோடிபின் நிறுத்தம். டைக்ளோஃபெனாக் நிறுத்தம். டாம்சுலோசின் படுக்கும்போது மட்டும், சிறுநீர் டாக்டரிடம் ஒரு முறை கேட்கச் சொன்னார். ரத்தத்தில் பொட்டாசியம் 5.4 இருந்தது; உப்பையும் இளநீரையும் நிறுத்திப் பத்து நாள் கழித்துப் பார்த்தபோது 4.7. பிபி இப்போது 110-லிருந்து 114 வரை. "இப்போதுதான் எனக்குக் கை வைக்க இடம் கிடைத்தது" என்று சொல்லி சாக்குபிட்ரில் மாத்திரையின் அளவைக் கூட்டினார். கூட்டிய மறுநாள் 102. இந்த முறை யாரும் பயப்படவில்லை. சித்தப்பா தவிர.

நேற்று கிணறு வரை நடந்து போய் வந்தார். வழியில் ஒரு முறைதான் நின்றார்.

#20 மாத்திரைப்பெட்டி

சந்தோஷம் தம்பி. அந்த அம்லோடிபின் அட்டையை என்ன செய்தீர்கள்?

#21 கரிசல்மண்

இழுப்பறையில்தான்... இதோ எடுத்துவிடுகிறேன் ஐயா.